தேராமல் செய்த காரியங்கள்



போன வாரம் நம் பழைய மாணவி ஒருத்தி வெளிநாட்டிலிருந்து பேசினாள். "ஐயா, பையனோட ஸ்கூல் ரிப்போர்ட்டுல டீச்சர் 'இம்பல்சிவ்'னு எழுதியிருக்காங்க. என் மாமியாருக்கு அதைத் தமிழ்ல சொல்லணும். என்ன வார்த்தை சொல்றது?" பையனுக்கு எட்டு வயது. டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைக் கத்திவிடுகிறானாம். பக்கத்துப் பையனின் பென்சிலைப் பிடுங்கிவிட்டுப் பிறகுதான் "எடுத்துக்கட்டுமா?" என்று கேட்கிறானாம்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். தமிழாசிரியர்கள் இத்தனை பேர் இருக்க, வரலாற்று வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்லுக்கும் வரலாறு உண்டே. தேடத் தேட அது நீண்டுகொண்டே போனது. அவளுக்குச் சொன்ன பதிலையும், பதில் தேடப் போன இடத்தில் கண்டதையும் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

முதலில் நம் வீட்டுச் சொற்கள். யோசிக்காமல் செய்வதைத் திட்டுவதற்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. துடுக்கு, அவசரக்குடுக்கை, எடுத்தேன் கவிழ்த்தேன், கண்ணை மூடிக்கொண்டு, குருட்டாம்போக்கு, அசட்டுத் துணிச்சல், ஆழம் தெரியாமல் காலை விடுவது. பேச்சில் முந்திக்கொள்கிறவனுக்கு முந்திரிக்கொட்டை. இந்தக் கடைசிச் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எல்லாக் கொட்டையும் பழத்துக்குள் இருக்க, முந்திரி மட்டும் பழத்துக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்த கண்ணுக்கு உடனே புரியும் உவமை. ஆனால் அந்த மரம் நம் ஊர் மரமில்லை. பிரேசில் பக்கத்து மரம். போர்த்துக்கீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தது. ஆக, ஔவைப் பாட்டி எந்தக் குழந்தையையும் முந்திரிக்கொட்டை என்று திட்டியிருக்க வழியில்லை. இந்த வசவுக்கு அதிகம் போனால் 500 வயது.

இந்தச் சொற்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பார்த்தேன். பக்கத்திலேயே இன்னொரு வரிசை தானாக வந்து நின்றது. துணிச்சல், அதிரடி, தடாலடி, வெட்டு ஒன்று துண்டு இரண்டு. இவையெல்லாம் பாராட்டு. செய்த காரியம் என்னவோ ஒன்றுதான். ஒருவன் இருந்த வேலையை ஒரே சாயங்காலத்தில் உதறிவிட்டுக் கடை வைக்கிறான். கடை ஓடினால் "அவன் துணிச்சல்காரன்யா". ஓடாவிட்டால் "எடுத்தேன் கவிழ்த்தேன்னு செஞ்சான், அனுபவிக்கிறான்". இரண்டையும் சொல்லும் வாய் ஒன்றேதான். அவன் அந்தச் சாயங்காலம் எவ்வளவு யோசித்தான் என்று நாம் யாரும் கேட்பதில்லை. முடிவைப் பார்த்துவிட்டுப் பின்னோக்கிப் போய்ச் சொல்லை ஒட்டுகிறோம்.

வரலாற்றுப் பாடத்தில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. உங்களில் பலர் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் சிரித்துக்கொண்டே படித்தவர்தான்: முகமது பின் துக்ளக். தமிழில் அவர் பெயரே யோசனையில்லாத ஆட்சிக்குப் பெயராகிவிட்டது. 1968இல் சோ எழுதிய நாடகம், 1970இல் அவர் தொடங்கிய பத்திரிகை, 1971இல் அதே நாடகம் படமானது என்று எல்லாமாகச் சேர்ந்து 'துக்ளக் தர்பார்' என்ற தொடரைத் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆனால் அந்த மனிதர் யோசிக்காமல் செய்தாரா? வெள்ளி நாணயத்துக்குப் பதிலாகச் செம்பு, பித்தளையில் அடையாள நாணயம் வெளியிட்டார். அதற்கு முன்பே சீனாவில் காகிதப் பணம் ஓடிக்கொண்டிருந்தது. ஈரானில் 1294இல் காகிதப் பணம் முயன்று பார்த்துத் தோற்றிருந்தார்கள். சரக்கின் மதிப்பு வேறு, அரசின் முத்திரைக்கு இருக்கும் மதிப்பு வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் போனது ஒன்றுதான். கள்ள நாணயத்தைத் தடுக்கும் வழி அவர் கையில் இல்லை. வீட்டுக்கு வீடு செம்புக் காசு அடித்தார்கள். கடைசியில் அந்தச் செம்பையெல்லாம் வாங்கிக்கொண்டு கஜானாவிலிருந்து வெள்ளியும் தங்கமும் கொடுத்தார். தலைநகரைத் தேவகிரிக்கு மாற்றியதும் அப்படித்தான். தக்காணத்தை டில்லியிலிருந்து ஆள்வது எவ்வளவு கடினம் என்பதை யோசித்துத்தான் மாற்றினார். தூரத்தில் இருக்கும் மாகாணம் கையை விட்டுப் போகும் என்ற அந்தக் கவலை வீண் கவலையும் இல்லை. சுமார் 1335இல் மாபாரின் ஆளுநர் ஜலாலுதீன் அஹ்சன் நம் மதுரையில் தனி சுல்தானாக அறிவித்துக்கொண்டது அவர் காலத்தில்தான்.

யோசித்தார், ஆனால் தனியாக யோசித்தார், பிறகு பதறினார் என்று வேண்டுமானால் அவர்மேல் குற்றம் சொல்லலாம். நாடகத்துக்கு அது போதாது. கோமாளிதான் வேண்டும். இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் ஐந்நூறு ரூபாய்த் தாளில் ஐந்நூறு ரூபாய்க்கான சரக்கு இல்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

சரி, சொற்களுக்கு வருவோம். சொற்களும் மனிதர்களைப் போல இடம் மாறி வாழ்ந்தவைதான்.

'அவசரம்' வடசொல். மூலத்தில் அதற்கு வாய்ப்பு, தக்க சமயம் என்று பொருள். மலையாளத்தில் இன்றும் அதுவே பொருள். கேரளாவில் 'தொழிலவசரம்' என்று போர்டு பார்த்தால் பயந்துவிடாதீர்கள். வேலைவாய்ப்பு என்கிறார்கள். தெலுங்கில் அதே சொல்லுக்குத் தேவை என்று பொருள். ஒருவருக்கு வாய்ப்பு, அடுத்தவருக்குத் தேவை, நமக்கு மட்டும் ஓட்டம்! 1975இல் வந்ததற்கு அவசரநிலை என்று தமிழில் பெயர் வைத்தோம்; 1977 மார்ச் வரை அந்த அவசரம் தீரவில்லை.

'ஆத்திரம்' என்றால் இன்று கோபம். முன்பு அதற்கும் அவசரம் என்பதுதான் பொருள். "ஆத்திர அவசரத்துக்கு ஒரு நூறு ரூபாய் இருக்கட்டும்" என்று முந்தானையில் முடிந்துவைத்தார்களே நம் பாட்டிமார், அந்த ஆத்திரத்தில் கோபமே கிடையாது. அடக்கக்கூடாத இன்னொன்றோடு எதுகை போட்டு ஆத்திரத்தைச் சொல்லும் பழமொழியும் உங்களுக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை நாம் கோபக்காரனைப் பற்றிய பழமொழி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவசரக்காரனுக்கும் அதே பழமொழியைச் சொல்கிறார்களே, கவனித்ததுண்டா? ஓடுகிறவனும் கொதிக்கிறவனும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கிறார்கள். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

'வெகுளி' நேர் எதிரான திசையில் போயிற்று. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வெகுளியைச் சொல்கிறார். அங்கே அது கோபம். வள்ளுவரின் வெகுளாமை அதிகாரமும் கோபம் கொள்ளாமையைப் பற்றியது. இன்று "அது வெகுளிப் பொண்ணு" என்றால் கள்ளம் கபடம் தெரியாதவள், மனதில் பட்டதைச் சட்டென்று சொல்லிவிடுகிறவள். கோபக்காரன் எப்படிக் கபடமற்றவன் ஆனான் என்பதைத் தமிழாசிரியர்கள் யாராவது எழுதினால் நானும் படிப்பேன்.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது 'சூழ்ச்சி'. திருக்குறளில் சூழ்தல் என்றால் பலருடன் கூடி ஆராய்வது, சூழ்ச்சி என்றால் ஆலோசனை. நல்ல சொல், அமைச்சர்களுக்கு உரிய சொல். இன்று அதற்குச் சதி என்று பொருள். அதாவது, முன்கூட்டி உட்கார்ந்து யோசிப்பதற்கு இருந்த சொல்லை வில்லனுக்குக் கொடுத்துவிட்டோம். "அவன் கணக்குப் போட்டுத்தான் பேசுவான்" என்பதும் திட்டுதான். யோசிக்காதவன் அசடு, அதிகம் யோசித்தவன் கள்ளன். நடுவில் இருப்பவனுக்கு என்ன பெயர்?

'துணிவு' என்பதும் அப்படி ஒரு கதை. துணிதல் என்றால் அறுபடுதல். அறுத்த துண்டுதான் துணி. அதிலிருந்து ஐயத்தை அறுத்து ஒரு முடிவுக்கு வருவது துணிவு. ஆராய்ச்சியின் கடைசிப் படி அது. வள்ளுவர் எண்ணுதலுக்குப் பிறகுதான் துணிதலை வைக்கிறார். 467ஆம் குறளை எடுத்துப் பாருங்கள். உங்களில் பாதிப் பேருக்கு மனப்பாடம். இன்றைய வழக்கில் துணிவு என்றால் பயமின்மை. எண்ணுவது கழன்று விழுந்துவிட்டது, வெட்டுவது மட்டும் மிச்சம்.

அந்த மாணவிக்கு என்ன பதில் சொன்னேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். "பெயர்ச்சொல் எதுவும் சொல்லாதே அம்மா" என்றேன். துடுக்கு என்றால் பையன் துடுக்கன் ஆகிவிடுவான். அவசரக்குடுக்கை என்றால் அந்தப் பாட்டி அவனுக்குக் கல்யாணம் ஆகும் வரைக்கும் குடுக்கை என்றே கூப்பிடுவாள். "கொஞ்சம் நின்னு யோசிக்கப் பழகணும்னு டீச்சர் சொல்றாங்க" என்று வினைச்சொல்லாகச் சொல். வினைச்சொல் நாளைக்கு மாறும். பெயர் ஒட்டினால் ஒட்டியதுதான். எட்டு வயதில் ஒட்டிய பெயரை எண்பது வயது வரை சுமப்பவர்களை நம் ஊரிலேயே நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவளுக்கும் அது சரியென்று பட்டது.

இனி நான் உண்மையில் எழுத வந்த சொல்லுக்கு வருகிறேன். 'தேர்'. வண்டி இல்லை, வினைச்சொல். தேர்தல் என்றால் ஆராய்தல். அதிலிருந்துதான் பள்ளிக்கூடத்துத் தேர்வு, அதிலிருந்துதான் ஓட்டுப் போடும் தேர்தல். இதன் எதிர்மறை 'தேரா', ஆராயாத. பக்கத்திலேயே வல்லின றகரத்தில் 'தேறு' என்று ஒரு சொல் இருக்கிறது. தெளிதல், நம்புதல் என்பது அதன் பழைய பொருள். தெரிந்து தெளிதல் என்ற அதிகாரத்தில் வள்ளுவர் இந்த இரண்டையும் வைத்து விளையாடுகிறார். தேராமல் ஒருவரையும் தேறாதே, அதாவது ஆராயாமல் நம்பாதே என்பது அங்கே அவர் சொல்வதன் சாரம். விடைத்தாளில் இந்த ர, றவை மாற்றிப் போட்டு என்னிடம் மதிப்பெண் இழந்தவர்கள் இப்போது பெரிய பதவிகளில் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

இந்தத் 'தேரா' என்ற சொல் தமிழில் மிகப் பெரிய வேலை செய்த இடம் சிலப்பதிகாரம். வழக்குரை காதையில் கண்ணகி பாண்டியனை அந்தச் சொல்லால்தான் விளிக்கிறாள். எல்லோருக்கும் தெரிந்த காட்சி. பலர் கவனிக்காதது, அதே சொல்லை இளங்கோ அதற்கு முன்பே, கொலைக்களக் காதையில், தன் வாயாலேயே பாண்டியனுக்கு வைத்துவிடுகிறார் என்பது. கண்ணகி அங்கே இல்லை. கவிஞர்தான் கதை சொல்கிறார். மன்னன் தேரான் ஆகினான் என்று அவரே சொல்லிவிடுகிறார். ஆகவே கண்ணகி சபையில் சொன்னது வாதம் மட்டுமில்லை, ஏற்கெனவே பதிவான உண்மை.

அந்தக் கணத்தை மெதுவாகப் பார்த்தால்தான் தேராமை எப்படி நடக்கிறது என்று புரியும். அரசவையில் கூத்து நடக்கிறது. அரசன் அதில் மயங்கிக் கிடக்கிறான் என்று அரசிக்கு ஊடல். தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறாள். அவளைச் சமாதானம் செய்ய அரசன் அந்தப்புரம் நோக்கி நடக்கிறான். வாசலில் பொற்கொல்லன் காலில் விழுகிறான். சிலம்பு திருடியவன் அகப்பட்டுவிட்டான், என் குடிசையில் இருக்கிறான் என்கிறான். அரசனின் மனம் இருப்பது அரசியின் கட்டிலருகே. இந்தச் சிலம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவள் சிரிப்பாள் என்று நினைத்தானோ என்னவோ. காவலரைக் கூப்பிட்டு, அவன் கையில் சிலம்பு இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவா என்கிறான். நடந்துகொண்டே சொன்ன ஒரு வாக்கியம். சிலம்பு கையில் இருப்பதே திருட்டுக்குச் சாட்சியா, அவனைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கக் கூடாதா? கொல்வதற்குக் கொண்டுவா என்று சொல்ல நினைத்தவன் வாய் தவறிக் கொன்று கொண்டுவா என்றான் என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. இளங்கோவே ஊழ்வினை பலன் தரும் காலம் அது என்று ஒரு காரணம் தருகிறார்.

அதன் பிறகு நடப்பது இன்னும் கூர்மையானது. காவலர்கள் கோவலனைப் பார்க்கிறார்கள். இவன் முகத்தைப் பார்த்தால் கொலை செய்ய வேண்டியவனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். அவர்கள் தேர்கிறார்கள்! அரசன் செய்யாததைக் கூலிக்காரர்கள் செய்கிறார்கள். அப்போது பொற்கொல்லன் ஒரு சொற்பொழிவே நடத்துகிறான். மந்திரம், மருந்து, நிமித்தம் என்று கள்வர்களுக்கு எட்டு வகைத் துணை உண்டு என்று பட்டியல் போடுகிறான். நூலறிவோடு, நிதானமாக. அந்த இடத்தில் நன்றாக யோசித்துக் காரியம் செய்தவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் மேலும் யோசிப்பதற்குள், குடித்திருந்த படிப்பறிவில்லாத காவலன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அவ்வளவுதான்.

கோவலனைக் கொன்றது யார்? நான் பலமுறை வகுப்பில் இதைக் கேட்டிருக்கிறேன். பெண்பிள்ளைகள் அரசன் என்பார்கள். ஆண்பிள்ளைகள் பொற்கொல்லன் என்பார்கள். அந்தக் குடிகாரக் காவலனை யாரும் சொன்னதே இல்லை. வாள் அவன் கையில்தான் இருந்தது.

இதே காப்பியத்தில் இன்னொரு தேராத காரியம் ஒளிந்திருக்கிறது. கோவலன் சாவதற்கு முன்னால், அடைக்கலக் காதையில், மாடலன் என்ற மறையவன் மதுரைக்கு வெளியே அவனைச் சந்தித்து, நீ எவ்வளவு நல்லவன், உனக்கு ஏன் இந்தக் கதி என்று புலம்புகிறான். அவன் செய்த நல்ல காரியங்களைச் சொல்கிறான். அதில் ஒன்று கீரிப்பிள்ளை கதை. கீரியைக் கொன்றுவிட்ட ஒரு பார்ப்பனியை அவள் கணவன் விட்டுவிட்டு வடதிசை போகிறான். போகும்போது வடமொழியில் எழுதிய ஓர் ஏட்டைக் கொடுத்து, இதன் பொருள் அறிந்தவரிடம் கொடு என்கிறான். அவள் அந்த ஏட்டோடு புகாரின் வணிகத் தெருக்களில் கூவிக்கொண்டு நடக்கிறாள். கோவலன் அவளைக் கூப்பிடுகிறான், ஏட்டைப் படிக்கிறான், அவள் பாவம் தீரத் தானம் செய்கிறான், கணவனையும் திரும்பச் சேர்த்துவைக்கிறான்.

கீரி ஏன் செத்தது, எப்படிச் செத்தது என்று இளங்கோ விவரிக்கவே இல்லை. கேட்பவர்களுக்குக் கதை தெரியும் என்று விட்டுவிட்டார். உங்களுக்கும் தெரியும். குழந்தையைக் கீரியிடம் விட்டுவிட்டுப் போன தாய், திரும்பி வரும்போது வாயில் ரத்தத்தோடு கீரியைப் பார்க்கிறாள். குழந்தையைக் கடித்துவிட்டது என்று அடித்துக் கொல்கிறாள். உள்ளே போனால் குழந்தை சிரிக்கிறது, பக்கத்தில் பாம்பு துண்டு துண்டாகக் கிடக்கிறது.

யோசிக்காமல் செய்தவளுக்கு உதவிய மனிதன், யோசிக்காமல் செய்த அரசனால் சாகிறான். பள்ளிப் புத்தகத்தில் அடைக்கலக் காதையை வைக்கிறவர்கள் குறைவு என்பதால் இந்தத் தொடர்பு பலருக்குத் தெரியாமலே போகிறது.

இந்தக் கீரிக்கதைக்கென்றே ஒரு தலைப்பும் உண்டு. பஞ்சதந்திரத்தின் ஐந்தாவது தந்திரம் முழுக்க யோசிக்காமல் செய்வதைப் பற்றியது. சென்னைக் கோட்டைக் கல்லூரியில் இருந்த தாண்டவராய முதலியார் 1826இல் தமிழ் உரைநடையில் பஞ்சதந்திரத்தைக் கொண்டுவந்தபோது, அந்தப் பகுதிக்கு 'அசம்பிரேட்சிய காரித்துவம்' என்று பெயர். நன்றாகப் பார்க்காமல் காரியம் செய்தல் என்று பொருள். இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்வதற்கே நின்று யோசிக்க வேண்டும், அந்த வகையில் நல்ல பெயர்தான்.

கீரி மேற்கே நடந்த நடை ஆச்சரியமானது. 6ஆம் நூற்றாண்டில் பாரசீகப் பேரரசர் குஸ்ரோ அனுஷிர்வான் காலத்தில் பஞ்சதந்திரம் பாலவி மொழிக்குப் போயிற்று. 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல் முகஃபா அதை அரபியில் 'கலீலா வ திம்னா' ஆக்கினார். அங்கிருந்து ஐரோப்பா. போகிற வழியில் கீரி உருமாறி நாயாயிற்று. 13ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லியோன் நகரத்துப் பக்கத்தில், இப்படித் தவறாகக் கொல்லப்பட்ட ஒரு வேட்டை நாயைக் கிராமத்துத் தாய்மார்கள் புனிதராகவே கும்பிட்டார்கள். நோயுற்ற குழந்தைகளை அதன் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். விசாரிக்க வந்த பாதிரியார் அந்த எலும்புகளைத் தோண்டி எரிக்க வைத்தார். அவர் எழுதிவைத்ததால்தான் நமக்கு அந்த வழிபாடே தெரிகிறது. வேல்ஸ் நாட்டில் பெத்கெலர்ட் என்ற ஊரில் இன்றும் ஒரு நாயின் கல்லறையைக் காட்டுகிறார்கள். இளவரசர் லிவெலின் குழந்தையைக் காத்த நாய் என்கிறார்கள். அந்தக் கல்லை நட்டது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு விடுதிக்காரர், வியாபாரத்துக்காக, என்பது ஆய்வாளர்கள் சொல்வது. ஆனாலும் அங்கே போய் அழுகிறவர்கள் அழுதுகொண்டுதான் இருக்கிறார்கள்.

இதில் ஒன்றைக் கவனித்தேன். வேல்ஸில் நாயைக் கொல்வது இளவரசன். அரபிக் கதையில் கொல்வது ஆண். நம் நாட்டு இதோபதேசத்திலேயே கீரியைக் கொல்பவன் அந்தணன்தான், அவன் மனைவி குளிக்கப் போயிருக்கிறாள். நமக்குச் சின்ன வயதில் சொன்னதில் மட்டும் ஏன் எப்போதும் அம்மாக்காரி? யோசிக்காதவள் என்றால் பெண் என்று கை தானாகப் போகிறதோ?

கண்ணகிக்கும் அதுதான் நடந்தது. மேடையில் பேசுகிறவர்கள் "கண்ணகியின் ஆவேசம்" என்பார்கள். ஒரு பட்டிமன்றத்தில் "ஆத்திரத்தில் ஊரையே எரித்தாள்" என்று ஒருவர் முழங்கியதை நானே கேட்டிருக்கிறேன். காப்பியத்தில் அவள் என்ன செய்கிறாள்? கணவன் கள்வனா என்று முதலில் கேட்கிறாள், சூரியனையே கேட்கிறாள். பிறகு அரண்மனைக்குப் போகிறாள், வாயிற்காவலனிடம் முறைப்படி சொல்லி அனுப்புகிறாள். சபையில் தன் பெயர், ஊர் சொல்லி வழக்கை வைக்கிறாள். என் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசன் வாயாலேயே வருகிறது. உடைத்துக் காட்டுகிறாள். ஊருக்குத் தீ வைக்கும்போதுகூட பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகளை விட்டுவிடச் சொல்லி வரம்பு கட்டுகிறாள். ஊரை எரித்தது சரி என்று நான் வாதாடவில்லை. அது வேறு பெரிய வழக்கு. ஆனால் தேர்ந்து செய்தவளின் காரியத்துக்கு 'ஆத்திரம்' என்றும், தேராமல் செய்தவனின் காரியத்துக்கு 'விதி' என்றும் நாம் பெயர் வைத்திருக்கிறோம். அரசனாவது தன்னையே கள்வன் என்று சொல்லிக்கொண்டு உயிரை விட்டான். அவனுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் அந்த அளவுக்குக்கூட ஒத்துக்கொள்வதில்லை.

நீதிமன்றங்களும் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம் கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலால் செய்த கொலைக்குச் சலுகை கொடுத்தது. அப்படியானால் ஆத்திரம் எவ்வளவு நேரம் ஆத்திரமாக இருக்கும்? கடற்படைக் கமாண்டர் நானாவதி வழக்கில் கேள்வி அதுதான். 1959இல் மனைவி சொன்னதைக் கேட்டார், மனைவியையும் குழந்தைகளையும் சினிமாவில் இறக்கிவிட்டார், கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கினார், பிறகு போய்ச் சுட்டார். சுமார் மூன்று மணி நேரம். ஜூரிகள் அவரை விட்டுவிடச் சொன்னார்கள். உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மனம் ஆறுவதற்குப் போதிய நேரம் இருந்தது என்று 1961இல் உச்சநீதிமன்றமும் தண்டனையை உறுதிசெய்தது.

இதையெல்லாம் நான் இப்போது எழுதுவதற்குப் பழங்கதை மட்டும் காரணமில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். குழந்தை கடத்துகிறவர்கள் ஊருக்குள் சுற்றுகிறார்கள் என்று போனுக்குப் போன் வீடியோவும் ஆடியோவும் பறந்துகொண்டிருந்த நேரம். குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. அதில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி அங்கே விளையாடிய குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. ஊர் கூடி அடித்தது. பாட்டி இறந்துபோனார். கூட வந்தவர்களும் படுகாயம். நம் பாட்டிமார்கள் எந்த ஊருக்குப் போனாலும் மடியில் நாலு மிட்டாய் வைத்திருப்பார்கள். அந்த மிட்டாய்தான் கீரியின் வாயில் இருந்த ரத்தம்.

அந்த வருடம் நாட்டின் பல மாநிலங்களிலும் இப்படி நடந்தது. ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு, அல்லது ஐந்து குழுக்களுக்கு, மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. முன்னனுப்பிய செய்தி என்று அடையாளமும் போட ஆரம்பித்தது. நம் குடும்பக் குழுவில் சில பெரியவர்கள் ஐந்து ஐந்தாகப் பிரித்து அனுப்பக் கற்றுக்கொண்டதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சித்தப்பா, உங்களைத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு கும்பல் ஒருவரை அடித்த செய்தி வரும்போதெல்லாம் நம் பத்திரிகைகளில் அச்சுக்கோத்து வைத்ததுபோல ஒரு தொடர் வரும்: "ஆத்திரமடைந்த பொதுமக்கள்". ஆத்திரம் அவர்களை அடைந்துவிட்டதாம், காய்ச்சல் வருவதுபோல. அதற்குமேல் அவர்கள் செய்ததற்கு அவர்கள் பொறுப்பில்லை. அடித்தவன், கல்லை எடுத்துக் கொடுத்தவன், வீடியோ எடுத்தவன், தூரத்தில் நின்று "சும்மா விடாதீங்க" என்றவன், தடுக்கப் போய் உதை வாங்கியவன், எல்லோரும் ஒரே 'பொதுமக்கள்'. போன மாதம்கூட ஒரு செய்தியில் இதைப் படித்தேன். அடி வாங்கியவர் வழி தவறி வந்த ஒரு வடமாநிலத் தொழிலாளி.

நம் மாணவர்களில் இரண்டு பேர் செய்தித்தாளில் துணையாசிரியர்களாக இருக்கிறீர்கள். இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். இரவு பதினொரு மணிக்குப் பக்கத்தை முடிக்கும் நெருக்கடியில் அந்தத் தொடர் கைக்குத் தானாக வந்துவிடும் என்பதும் தெரியும். அந்த இடத்தில் வேறு என்ன எழுதலாம்? எத்தனை பேர் இருந்தார்கள், யார் முதலில் கை வைத்தார்கள், அந்த மனிதரிடம் யாராவது ஒரு கேள்வியாவது கேட்டார்களா என்று நிருபரிடம் திருப்பிக் கேட்க நேரம் இருக்குமா? உங்கள் பதிலை இங்கேயே எழுதுங்கள். மற்றவர்களும் உங்கள் ஊரில் அவசரக்காரனுக்கு என்ன சொல் என்று எழுதுங்கள். நெல்லை, கொங்கு, யாழ்ப்பாணம் எல்லாப் பக்கமும் நம் ஆட்கள் இருக்கிறீர்கள்.